ரெண்டு தொப்பிக்காரன்

“அப்ப அவன் நெசமா எந்த ராசாவுக்குத்தான் வேல செய்றான்?”

“ரெண்டு பேருக்கும்தான் அக்கா.”

“அது எப்பிடிய்யா முடியும்? ஒருத்தன் சோத்தத் தின்னுக்கிட்டு இன்னொருத்தன் அடுப்புக்கு வெறகு பொறுக்குவானா?”

“அதுதானே கத. வடக்கு ராசாக்கிட்டப் போகக்குள்ள கறுப்புத் தொப்பி. தெக்கு ராசாக்கிட்டப் போகக்குள்ள வெள்ளத் தொப்பி. நடுவுல ஒரு பனிக்காடு ஈக்கு. அங்க ஒரு மரப்பொந்துக்குள்ளதான் தொப்பிய மாத்திக்கொள்ற.”

“நாசமாப் போறவன். என் கையில மட்டும் கெடச்சான்னா கண்ணுல மொளகாத் தூளப் போட்டு, ரெண்டு தொப்பியையும் அவன் வாயிலயே திணிப்பேன்” என்றாள் ராசம்மா.

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வீட்டு வரிசையில், முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். கதை சொன்ன ஹுமைத் மட்டும் சிரிக்கவில்லை. அவன் இன்னும் பனிக்காட்டுக்குள்தான் நின்றுகொண்டிருந்தான். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் மாமாவின் சரக்கைப் பொட்டணியாகக் கட்டித் தோளில் சுமந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குகிறவன் அவன். மீசை அப்போதுதான் கறுக்கத் தொடங்கியிருந்தது. சேலையின் அகலத்தைக் கையை விரித்துக் காட்டும்போதும் கண் வேறெங்கோ இருக்கும். சென்னையிலிருந்து கப்பலேறி வரும் கதைப் புத்தகங்களைக் கடைமூட்டைகளின் மேல் சாய்ந்து படிப்பான். எந்தெந்தத் தேசத்துக் கதைகளோ. தமிழில் ஆக்கியவர்கள் ஆட்களின் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் மாற்றி வைத்திருப்பார்கள். பனியை மட்டும் எவராலும் மாற்ற முடிந்ததில்லை. ஹுமைத் அப்படி உறைந்து கிடக்கும் பனியைப் பார்த்ததில்லை. நமுனுகுலை மலையிலிருந்து காலையில் இறங்கும் மூட்டம் அப்படியே கெட்டிப்பட்டுத் தரையில் கிடந்தால் அதுதான் பனி என்று தனக்குள் முடிவு செய்து, பெண்களுக்கும் அப்படியே சொல்லியிருந்தான்.

கதையை எப்போதும் மோசமான இடத்தில்தான் நிறுத்துவான். மீதிக் கதைக்காகக் காத்திருக்க வைத்து அடுத்த தடவையும் துணி விற்கப் பார்க்கிறான் என்று அவர்கள் திட்டுவார்கள். உண்மையில் அதற்கு மேல் அவனே படித்திருக்கமாட்டான்.

கருப்பம்மா இஸ்தோப்பின் ஓரத்தில், பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த மரப்பொந்தை விட்டு அவள் மனம் நகரவில்லை. ஒரு தொப்பியைக் கழற்றிவிட்டு மற்றதை எடுக்கிறான். நடுவில் ஒரு கணம் வெறுந்தலையாக நிற்பானே, அப்போது அவன் யாருடைய ஆள்?

அவள் புருஷன் வீரய்யா பதுளை மறியலில் சிறைக் கைதியாகக் கல்லுடைத்துக்கொண்டிருந்தான். சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனதுதான் குற்றம். அவள் அண்ணன் முருகையா அதற்கு முந்தின வருஷம் இதே தோட்டத்திலிருந்து தப்பி, கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சேர்ந்திருந்தான். அங்கே ஆள் போதாது. எங்கிருந்து வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. வீரய்யாவும் போவதென்று முடிவு செய்தது ஒரே நாளில். நிறைவயிற்றோடு மலையில் மயங்கி விழுந்த கருப்பம்மாவை, பெரிய கங்காணி தன் குடைக்காம்பால் விலாவில் தட்டித் தட்டி எழுப்பினார். பக்கத்து நிரையில் முள்ளுக் குத்தி மண் கிளறிக்கொண்டிருந்த வீரய்யா அதைப் பார்த்தான். அன்று சாயங்காலம், “இங்க எம் புள்ள வளரக்கூடாது” என்றான். அவன் முதலில் போய் இடம் பார்ப்பது, பிள்ளை பிறந்ததும் அவளை அழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டுமுன் பிடித்துவிட்டார்கள். தேடிப் பிடித்ததல்ல, காத்திருந்து பிடித்தது.

அன்று அவன் பாலத்தால் போவதை அறிந்தவர்கள் அவளையும் அவனையும் தவிர மூன்று பேர். அண்ணனிடமிருந்து சேதி கொண்டுவந்த ஹுமைத். பாலத்தில் காவல் இல்லை என்று சொன்ன தபால்காரன் மாரிசாமி. சுவரை ஒட்டிய அடுத்த காம்பராவில் குடியிருக்கும் ராசம்மா.

தை பிறக்குமுன் வீரய்யா வெளியே வருவான். மறியல் வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, வருகிறவனைக் கையோடு லயத்துக்கே ஓட்டிக்கொண்டு வருவது பெரிய கங்காணியின் வழக்கம். அப்படி வந்தவர்கள் மறுபடி போனதில்லை. வீரய்யா இந்த மலையேறி வரவே கூடாது, அவன் வெளியே வரும் அன்றே தானும் பிள்ளையும் அவனோடு சேர்ந்துவிட வேண்டும் என்று கருப்பம்மா முடிவு செய்திருந்தாள். அதற்கு முதலில், மூன்று பேரில் யார் என்று தெரிய வேண்டும்.

ஹுமைத் பொட்டணியைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது அவள் லயத்துக் கோடிவரை கூடவே போனாள். முஸ்லிம் கடைக்காரர்களை அண்ணன் முறையில் ‘நானா’ என்பதுதான் அவள் வழக்கம்.

“நானா, அவனுக்கு ரெண்டு தொப்பி இருக்குன்னு ராசாவுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சு?”

“அதையும் இப்பவே சென்னா அடுத்த கெழம என்னத்தச் செல்ற?”

“எனக்கு மட்டும் சொல்லுங்க.”

அவன் தோளை மாற்றிக்கொண்டான். கதை என்று வந்துவிட்டால் அவனால் மறுக்க முடியாது. “மந்திரி ஒரு தந்திரம் செய்ற. சந்தேகமான ஒவ்வொருத்தனுக்கும் வேற வேற வாசலச் செல்லிவிட்டுட்டான். இந்த வாசலாலதான் நம்மட படை போகுதுன்னு. எதிரி எந்த வாசல்ல வந்து நிக்கிறானோ, அந்த வாசலக் கேட்டவன்தான் கள்ளன்.”

அவன் மூட்டத்துக்குள் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவன் கள்ளனாக இருந்தால் இதை எனக்குச் சொல்லியிருப்பானா? கொஞ்ச நேரத்தில் அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். சொல்லியிருப்பான். இப்படிப் பேசுகிறவனைத்தானே எல்லோரும் நம்புவார்கள்.

திரும்பி வந்தபோது ராசம்மா அவள் பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பொட்டணிக்காரன்கிட்ட என்னடி தனியாப் பேச்சு? ஊரூராச் சுத்துறவன். அவன் வாயில எது நிக்கும்? சூதானமா இரு கருப்பி.”

“சரிக்கா” என்றாள் கருப்பம்மா.

தோட்டத்திலிருந்து கீழே இறங்க மூன்று வழி. பாலத்தின் வழியாக வண்டிப் பாதை. மானாப்புல் மண்டிக் கிடக்கும் மொட்டைச் சரிவு. காட்டு ஓடையை ஒட்டிய ஒற்றையடிப் பாதை. மாரிசாமிக்கு அவள் வண்டிப் பாதையைச் சொன்னாள். ஒரு தோளில் பூட்டிய தபால் பையும் மறு தோளில் துரை பங்களாவுக்கான மாட்டிறைச்சிப் பெட்டியுமாகப் பதுளையிலிருந்து அவன் ஏறி வருவான். பெட்டியைப் பார்த்துச் சனங்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். “ராசா வாரேன், ஒதுங்குங்க” என்று அவனே கத்திக்கொண்டு வருவான். ரோட்டோரத்தில் வீரய்யாவைக் கண்டதாகச் சொன்னான். “மெலிஞ்சிட்டான். மீசையச் செரச்சி விட்டிருக்கானுக. பள்ளிக்கூடத்துப் பயலாட்டம் இருக்கான். என்னப் பாத்து, புள்ளைக்குப் பல்லு மொளச்சிருச்சான்னு கேக்குறான். கல்லுக்கு நடுவுல நின்னுக்கிட்டு அவனுக்கு அதுதான் கேள்வி.” அவள் அழாமல் இருக்கப் பாதையின் மண்ணைப் பார்த்தாள். பிறகு, வருகிற வெள்ளிக்கிழமை இரவு பிள்ளையோடு பாலம் தாண்டப் போவதாகச் சொன்னாள். மாரிசாமி பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு, ‘ராசா வாரேன்’ என்று கத்தாமலே மேலேறிப் போனான்.

ஹுமைத் வியாழக்கிழமை பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிற வழியில் பீலிக்கரையில் தண்ணீர் குடிக்க நின்றான். அவனிடம் மானாப்புல் சரிவு. “தனியாவா? இருட்டுலயா? சின்னப் புள்ளயோடயா?” என்று அவன் பதறினான். ராசம்மாவிடம் ஓடைப் பாதை. ராசம்மா கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு பழைய துணியில் கொஞ்சம் அவல் முடிந்து கொண்டுவந்து தந்தாள். “பசிச்சா வாயில போட்டுக்க. பால் வத்திரும்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கருப்பம்மாவுக்குத் தன் மீதே வெட்கமாக இருந்தது. இவளையுமா சோதித்துப் பார்க்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை மழை வலுத்தது. அவள் எங்கும் போகவில்லை. பிள்ளையை அணைத்துக்கொண்டு காம்பராவிலேயே படுத்துக்கிடந்தாள்.

மறுநாள் விடியலில் தப்பு அடித்ததும் சனங்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வந்து நின்றார்கள். கங்காணியின் காவல்காரர்கள் இருவரும் வழக்கம்போல் களத்தின் முகப்பில் இருந்தார்கள். கருப்பம்மா முதலில் அவர்களுடைய கம்பளிகளைத்தான் பார்த்தாள். மானாப்புல் சரிவில் ஒருவன் ஒரு நாழிகை உட்கார்ந்திருந்தாலும் போதும், அந்த ஊசி விதைகள் கம்பளியில் தைத்துக்கொண்டு மூன்று நாளைக்கு உதிராது. பொட்டணிக்காரனாக இருக்கட்டும் என்று தான் வேண்டிக்கொள்வது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கம்பளிகளில் ஒரு விதையும் இல்லை. ஒருவன் குனிந்து தன் முழங்காலைச் சொறிந்தான். அவள் பார்வை கீழே இறங்கியது.

முழங்காலிலிருந்து கணுக்கால்வரை ரத்தக் கோடுகள், மழைநீரில் கரைந்து. கோடு தொடங்குமிடத்தில் எல்லாம் வெள்ளைப் பொட்டாகச் சுண்ணாம்பு. மற்றவன் கால்களும் அப்படியே. அவன் விரலிடுக்குகளில்கூடச் சுண்ணாம்பு வைத்திருந்தான். தேயிலைக்குள் அட்டை கடிக்காமலில்லை. ஆனால் வேலைக்கு இறங்கிய பிறகுதான் கடிக்கும். இரவு காம்பராவில் படுத்தெழுந்து நேரே பெரட்டுக்கு வந்தவன் காலில் இத்தனை அட்டை கடித்திருக்க வழியில்லை. ஊசிமலையில் மழை இரவில் ஒரு மனிதனை இப்படிக் கடிக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. ஓடையோரம்.

“ஏ கருப்பம்மா, ஒன்னத்தானே? மேட்டு மல!” என்று கணக்கப்பிள்ளை கத்தினார். அவள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தாள். கால்கள் தாமாகவே ஏறின. மேட்டு மலையில் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள். ராசம்மாவுக்கு இடது காலில் பழைய முறிவு. சரிவுகளில் அவள் பட்ட பாட்டைத் தோட்டமே பார்த்திருக்கிறது. வீரய்யா பிடிபட்ட கொஞ்ச நாளில் அவளை மலையிலிருந்து எடுத்துப் புள்ளமடுவத்தில் போட்டார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் தகரக் கூரைக் கொட்டகை அது. உட்கார்ந்த இடத்தில் தூளி ஆட்டுகிற வேலை. அதற்காகத் தான் அன்று சந்தோஷப்பட்டதும், மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்ததும் நினைவுக்கு வந்தது.

பிரசவத்தன்று தன் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தவள் ராசம்மா. முருகையா போன இரவு அவனுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தவளும் அவள்தான் என்று அண்ணனே சொல்லியிருக்கிறான். அவன் பிடிபடவில்லை. அதெல்லாம் பொய்யா? பொய்யாக இருந்தால் எவ்வளவோ சுலபம்.

அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. கையில் கிள்ளிய கொழுந்து அப்படியே நின்றது. தன் பிள்ளை இந்த நேரத்தில் ராசம்மாவின் தூளியில்தான் தூங்குகிறது.

காலையில் பாதி வேலையில் பால் கொடுக்கிற தாய்மாருக்குச் சங்கு ஊதுவார்கள். அன்று அவள் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தாள். ராசம்மா பிள்ளையைக் குளிப்பாட்டி, நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள்.

“ராவு என்னடி ஆச்சு? போகலியா?” என்று கிசுகிசுத்தாள்.

“புள்ளைக்கு ஒடம்பு சுட்டுச்சு.”

“நல்லதாப் போச்சு” என்றாள் ராசம்மா. பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சில் பொய்யே இல்லை. கருப்பம்மா அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளையின் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். அங்கே ராசம்மா தடவிய எண்ணெயின் வாசனை.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஹுமைத்தைப் பாதையிலேயே மறித்தாள். அவன் அவளைக் கண்டதும் பொட்டணியை நழுவவிட்டான். “போகல்லயா? நான் வெள்ளிக்கெழம முழுக்கத் தூங்கவே இல்ல. மானாப்புல்லுப் பக்கமே பாத்துக்கிட்டு ஈந்தேன், எங்கட வீட்டு யன்னலால. இருட்டுல என்ன தெரியும்? சும்மாதான்.”

“நானா, மிச்சக் கதையப் படிச்சிட்டீங்களா? ராசா அவனக் கொன்னாரா?”

“கொல்லல்ல.” அவன் முகம் மலர்ந்தது. “அதுதான் பெரிய வேல. மந்திரி செல்றான், கொன்னா எதிரி புதுசா ஒருத்தன வைப்பான். அவன நமக்குத் தெரியவராது. இவன் ஈக்கட்டும். இவனுக்கிட்டயே செல்லுவோம், நமக்கு வேணுங்கிறத.”

“அப்ப அவன் மூணாவதாவும் ஒரு தொப்பி போடுறான். அவனுக்கே தெரியாம.”

ஹுமைத் அவளை வியப்போடு பார்த்தான். “இது புத்தகத்துல இல்ல” என்றான். “ஆனா ஈந்திருக்கணும்.”

அப்போதுதான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கண் வழக்கம்போல் தூரத்துக்குப் போகாமல் அவள் முகத்திலேயே நின்றது. வீரய்யா வெளியே வரும் காலையில் மறியல் வாசலுக்கு எதிரே கடை விரித்து உட்கார வேண்டும். வாசலில் கங்காணியின் ஆள் இல்லையென்றால் அவனைக் கூட்டிக்கொண்டு பண்டாரவளைப் பாதையில் வண்டிக்காரர்கள் மாடு அவிழ்க்கும் ஆலமரத்தடிக்கு வந்து நிற்க வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. “ஆள் ஈந்தா?” என்றான். “இருக்க மாட்டான்” என்றாள் அவள்.

பதுளைக்குத் திரும்பும் வழியெல்லாம் ஹுமைத் நெஞ்சு படபடக்க நடந்திருப்பான். கருப்பம்மாவின் நெஞ்சு படபடக்கவில்லை. அவளுக்கு இது கதை இல்லை.

அன்றைக்கே ராசம்மாவின் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். ராசம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒங்கிட்டதான் சொல்றேன். அவரு மாரிசாமிக்கிட்ட சொல்லி அனுப்பியிருக்காரு. வெளிய வந்ததும் தானா தோட்டத்துக்கு வந்துருவாராம். கொஞ்ச நாளு ஒழுங்கா வேல செய்வாராம். தைப்பொங்கலுக்கு எல்லாரும் ஆட்டம் பாட்டமுன்னு கெடக்கையில நாங்க மூணு பேரும் ஓடப் பாதையால போயிருவோம்.”

“தானா வருவானா?”

“வருவாரு. ஆனா மறியல் கேட்டுல ஆள நிப்பாட்டி மாட்டப் புடிக்கிற மாதிரி புடிச்சாங்கன்னா, அந்த அவமானத்துல ஆத்துல விழுந்தாலும் விழுவேன், இங்க வரமாட்டேன்னு சொன்னாராம். அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

ராசம்மா ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். அதைத் திரும்பப் புரட்ட மறந்தாள். ஒரு பக்கம் கருகியது. “நல்ல புத்திதான்” என்றாள் கடைசியில். சூடாக ஒன்றைப் பிய்த்து, சம்பலோடு கருப்பம்மாவின் கையில் வைத்தாள். கருப்பம்மா அதைத் தின்றாள். முழுவதையும் தின்றாள். இனி இந்த அடுப்படியில் உட்கார மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த நாட்களில் கங்காணி அவளிடம் இதமாகப் பேசினார். “புருசன் வாரான் போல. நல்லா இருந்துக்கங்க” என்று குடையை விரித்துக்கொண்டே சொன்னார். ராசம்மா சொன்ன பொங்கல் இரவுக்காக அவரும் காத்திருந்தார். ஒருவனை வாசலில் பிடிப்பதைவிட, குடும்பத்தையே ஓடையில் பிடிப்பது தோட்டத்துக்கே பாடமாக இருக்கும்.

வீரய்யா வெளியே வரும் நாளில் மழை விட்டிருந்தது. நமுனுகுலை உச்சி வெகு நாளைக்குப் பிறகு முழுசாகத் தெரிந்தது. மாரிசாமி விடியலிலேயே கீழே இறங்கிப் போயிருந்தான். காவல்காரர்கள் இருவரும் பெரட்டுக் களத்திலேயே நின்றார்கள். பதுளைப் பக்கம் யாரும் போகவில்லை. அதை எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் கருப்பம்மா மேட்டு மலை ஏறினாள். ஓடிப் பிடிபட்டவர்கள் எல்லோரும் இரவில் ஓடினார்கள். காவலும் இரவில்தான். பட்டப் பகலில், முதுகில் கொழுந்துக் கூடையோடு வண்டிப் பாதையில் நடக்கிற ஒருத்தியை எவரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. பாலத்துக்கு அப்பால் புதுக்காட்டு மலை இருக்கிறது. அங்கே ஆள் மாற்றி அனுப்பியிருப்பார்கள் என்று நினைப்பார்கள். கையில் பிள்ளையோடு போனால் கேட்பார்கள். கூடைக்குள் என்ன என்று கேட்பதில்லை.

சங்கு ஊதியது. அவள் கூடையைக் காலியாக முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். அடியில் கம்பளி மடித்துப் போட்டிருந்தாள்.

புள்ளமடுவத்தில் மற்றத் தாய்மார் வாசல் வெயிலில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ராசம்மா உள்ளே கடைசித் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். கருப்பம்மா அவசரப்படாமல் பால் கொடுத்தாள். பிள்ளை குடித்துக் குடித்துக் கண் செருகியது. கீழ் ஈறில் அரிசி முனை மாதிரி ஒரு வெள்ளை தெரிந்தது. தாய்மார் ஒவ்வொருத்தியாகப் பிள்ளைகளைக் கிடத்திவிட்டு மலைக்குத் திரும்பினார்கள். கருப்பம்மா எழுந்து, தூங்குகிற பிள்ளையைத் தூளியில் போடாமல், கூடையில் இறக்கிக் கம்பளியால் போர்த்தினாள்.

தூளிக் கயிறு நின்றது.

“என்னடி செய்ற?”

கருப்பம்மா கூடையின் கயிற்றைத் தலையில் ஏற்றினாள். பாரம் முதுகில் வந்து பொருந்தியது.

“பொங்கலுக்குன்னு சொன்ன.” ராசம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. “ஓடப் பாதைன்னு சொன்ன.”

“ஓடப் பாதைய ஒங்கிட்ட மட்டுந்தான்க்கா சொன்னேன். அன்னைக்கும். மறுநாளு பெரட்டுல காவக்காரனுக காலப் பாத்தேன்.”

ராசம்மா தலையில் போட்டிருந்த துணி வழுக்கித் தோளில் விழுந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. நரை ஓடிய வெறுந்தலையோடு நின்றாள்.

“அந்த மலைய இந்தக் காலால ஏற முடியலடி” என்றாள். “ஒருநா ரெண்டுநா இல்ல. கங்காணி கேட்டாக. சொன்னேன். ஆனா முருகையாவ நாந்தான் அனுப்பி வச்சேன். காவக்காரனுகள வேற பக்கம் போகச் சொன்னதே நாந்தான். அதுவும் நெசந்தான் கருப்பி. அவலு முடிஞ்சு குடுத்தேனே, அதுவும் நெசந்தான்.”

“தெரியும்க்கா.”

தெரிந்ததனால்தான் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கத்தியிருப்பாள், பிள்ளை விழித்திருக்கும். வாசலுக்கு வெளியே, மேல் வளைவில், ஒரு கறுப்புக் குடை தேயிலைச் செடிகளுக்கு மேலாக மிதந்து வந்துகொண்டிருந்தது. வெயிலிலும் பெரிய கங்காணி குடையை மடக்குவதில்லை. புள்ளமடுவத்தைப் பார்த்துக்கொண்டுதான் பங்களாவுக்குப் போவார். அவர் வாசலுக்கு வருமுன் இவள் கீழ் வளைவைத் தாண்டிவிட முடியும். பாலம்வரை கண்ணில் படுகிற பாதை. ஒருவர் கை நீட்டிக் காட்டினால் போதும்.

ராசம்மாவும் குடையைப் பார்த்தாள். பிறகு தன் இடது காலைப் பார்த்தாள். பிறகு, கூடையின் விளிம்புக்கு மேல் ஒரு கறுத்த மயிர்ச் சுருள் தெரிந்த இடத்தை.

கருப்பம்மா வாசற்படியில் நின்று திரும்பினாள். கெஞ்சுகிற குரல் அல்ல. ஒரு செம்புத் தண்ணீர் கேட்பது மாதிரி கேட்டாள்.

“நான் பாலந் தாண்டுற வரைக்கும் அந்தத் தூளிய ஆட்டிக்கிட்டே இரு அக்கா. புள்ள உள்ள தூங்குற மாதிரி.”

அவள் இறங்கி நடந்தாள். உள்ளே, வெறும் தூளியின் கயிறு ராசம்மாவின் கையில் இருந்தது, இழுபடாமலும் விடுபடாமலும்.